ஈறு நிறத்தில் ஒரு விமானம்

ஏற்காட்டில் நான் பல் ஆஸ்பத்திரி வைத்த முதல் வருஷம், மாடிப்படி ஏறி என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து அறைத் தையல்காரரைத் தேடி வந்தவர்கள். படி ஏறியதும் முதல் கதவு என்னுடையது. எட்டிப் பார்ப்பார்கள். நாற்காலியையும் அதற்கு மேல் வளைந்து தொங்கும் விளக்கையும் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்குவார்கள்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. சேலத்தில் தெருவுக்கு ஒரு பல் டாக்டர் முளைத்துவிட்டார், ஏற்காட்டிலோ ஒருவர்கூட இல்லை என்று என் மாமா கண்டுபிடித்துச் சொன்னார். ஒருவர்கூட இல்லாததற்குக் காரணம் ஏதாவது இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எஸ்டேட் முதலாளிகள் பல்வலிக்குப் பெங்களூர் போனார்கள். சீசனுக்கு வந்தவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு மலை இறங்கினார்கள். மலையில் விவசாயம் பார்த்தவர்கள் ஆடும் பல்லைத் தாங்களே பிடுங்கி எறிந்தார்கள். ஆடாத பல்லைத் தொடவே கூடாது, மேல் வரிசைப் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று நம்பினார்கள்.

எனக்கு உதவிக்கு ஓர் அம்மாள் இருந்தார். வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் ஆயாவாக இருந்தவர் என்பதால் ஊரே அவரை ஆயாம்மா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். காலை பஸ்ஸில் வந்து, கருவிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, யாரும் தொடாத அந்தக் கருவிகளை மாலையில் மறுபடி வெந்நீரில் போட்டு எடுப்பார். பத்து மணிக்கு, "இன்னைக்கு ஆராச்சும் வருவாங்க டாக்டருங்க" என்பார். நாலு மணிக்கு, "நாளைக்கு வருவாங்க" என்பார். நோயாளிகளுக்குத் தைரியம் சொல்லிப் பழகியவர்.

என்னுடைய ஒரே நிலையான நோயாளி ஓய்வுபெற்ற மின்வாரிய இன்ஜினியர் ஒருவர். ஏரிக்கு மேல் சரிவில் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு இருந்தார். என்னிடம் வந்தபோது அவர் வாயில் ஏழு பற்கள் மிச்சம் இருந்தன. ஏழும் ஏழு திசையில் சாய்ந்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுப் பல்செட் வைத்துவிடலாம் என்றேன். "எடுங்க" என்றார், கம்பம் மாற்ற உத்தரவு போடுவதைப் போல. எடுத்தேன். ஈறு ஆறுவதற்கு இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் நடந்தது.

அவருடைய மகன் அமெரிக்காவில் இருந்தான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். ரேடியோவால் ஓட்டும் சின்ன விமானம், பகுதி பகுதியாக, நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டியது. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை ஐந்தடி. உள்ளே நிஜமான எஞ்சின். கையில் ஒரு பெட்டி, அதில் இரண்டு குச்சிகள், நீளமான ஏரியல். எட்டு மாதம் உட்கார்ந்து அதைச் சேர்த்தார். என்னிடம் வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவார். அளவெடுக்க வாயில் மாவை அடைத்த பிறகுதான் பேச்சு நிற்கும். நின்ற பிறகும் கையால் இறக்கை காட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் படியேறி வந்தபோது பின்னால் இன்னொருவர் தோளில் போர்வை மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். தலையில் துண்டு, வலது கன்னம் ஆரஞ்சுப்பழம் அடக்கியதுபோல வீங்கியிருந்தது. ஒரே நாளில் இரண்டு நோயாளி என்று ஆயாம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

மூட்டையை என் நாற்காலியில் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே விமானம் இருந்தது. முந்தின நாள்வரை விமானமாக இருந்தது என்று சொல்வதே சரி. மூக்கு சப்பையாகப் போயிருந்தது. இறக்கை நடுவில் முறிந்து, மேலே ஒட்டியிருந்த தாள் கிழிந்து தொங்கியது. சக்கரக் கம்பிகள் வவ்வால் காலைப் போல மடங்கியிருந்தன.

"நேத்து மொத மொதலா வுட்டேன். கரடியூர்ல," என்றார் பெரியவர். "நாப்பது செகண்டு பறந்துச்சு. ஷரி பண்ண முடியுமா?"

பல் இல்லாததால் அவருக்குச் 'சரி' எப்போதும் 'ஷரி'தான்.

"சார், நான் பல் டாக்டர்," என்றேன்.

"தெரியுமுங்க. போன மாசம் ஒரு அம்மாவோட பல்செட்டு ரெண்டாப் பொளந்து வந்துச்சே, பத்து நிமிஷத்துல ஏதோ பொடியும் தண்ணியும் கலந்து ஒட்டிக் குடுத்தீங்க. நான் இங்கதான ஒக்காந்திருந்தேன்? அத்தனை கடிச்சாலும் தாங்கற சாமான், இதைத் தாங்காதா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதைவிட, காலை பத்தேகால் ஆகியிருந்தது, மாலை ஐந்து வரை எனக்கு வேறு வேலை இல்லை.

மூட்டை சுமந்து வந்தவர் கரடியூர் விவசாயி. விமானம் விழுந்தது அவருடைய காட்டில், கேழ்வரகுப் பயிருக்கு நடுவே. பெரியவரை அவர் திட்டியிருக்க வேண்டும். திட்டுவதற்குப் பதிலாக, விழுந்ததை ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, போர்வையில் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். "ஏனுங்க டாக்டரு, இது மறுக்காவும் பறக்குமுங்களா?" என்று கேட்டார். வாய் முழுதாகத் திறக்கவில்லை.

"அது இருக்கட்டும், உங்க கன்னத்துக்கு என்ன ஆச்சு? உக்காருங்க, பார்க்கிறேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார். "இது மேப் பல்லுங்க. கண்ணு போயிருமுங்க. நீங்க அதைப் பாருங்க."

பார்த்தேன். இப்படித்தான் தொடங்கியது.

முதலில் மூக்கு. எஞ்சினைத் தாங்கும் பலகை நாலாக உடைந்திருந்தது. பல் அச்சு எடுப்பதுபோல, உடைந்த துண்டுகளை மெழுகால் சேர்த்து வைத்து, பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, அந்த அச்சில் பல்செட் செய்யும் அக்ரிலிக்கை ஊற்றினேன். அரை மணியில் கல் மாதிரி இறுகிவிட்டது. அச்சை உடைத்து வெளியே எடுத்தபோது பெரியவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"வெள்ளையில கிடைக்காதுங்களா?"

கிடைக்காது. என்னிடம் இருந்தது ஈறு செய்கிற அக்ரிலிக். பச்சைக் குழந்தையின் ஈறு நிறம். மற்றபடி நீலமும் வெள்ளையுமாக இருந்த அந்த அமெரிக்க விமானம் அன்று முதல் முன்பக்கம் ஈறோடு சிரித்தது.

மடங்கிய சக்கரக் கால்களுக்குப் பல் கட்டும் துருப்பிடிக்காத கம்பி இருந்தது. வாலைத் திருப்பும் சின்ன மோட்டாருக்குள் நைலான் பல்சக்கரம் ஒன்றில் இரண்டு பல் போயிருந்தது. அந்த இரண்டைக் கட்டியதுதான் அந்த விமானத்தில் நான் என் படிப்புக்கு நியாயமாகச் செய்த வேலை. ஒரு பல் குருணையளவுகூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால்மிதி டிரில்லை மெல்ல மெல்லச் சுழற்றி, அக்ரிலிக்கைச் செதுக்கி முடித்தபோது என் முதுகு வியர்த்திருந்தது. ஏற்காட்டுக் குளிரில். கல்லூரியில் இவ்வளவு கவனமாக நான் எந்தப் பல்லையும் கட்டியதில்லை.

இறக்கைதான் தடுமாற வைத்தது. உள்ளே இருந்த விலா எலும்பு போன்ற சட்டங்கள் பஞ்சுபோல எடையற்ற ஏதோ வெளிநாட்டு மரத்தில் செய்தவை. அந்த மரத்துக்குச் சேலத்தில் எங்கே போவது என்று நானும் பெரியவரும் யோசித்துக்கொண்டிருந்தோம். தினமும் வேலையை முடித்துவிட்டு வந்து சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கரடியூர்க்காரர் ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"முள்ளுமுருங்கை மாதிரி இருக்குதுங்க."

"அது ஈர மரமாச்சே?"

"காஞ்சதுன்னா காத்துங்க. பரண்மேல ரெண்டு வருசமாக் கெடக்குது. மிளகுக் கொடிக்கு நட்ட மரம், சாஞ்சு போச்சு."

மறுநாள் கொண்டுவந்தார். இழைத்துப் பார்த்தால், அசல் மரத்தைவிடக் கொஞ்சம்தான் எடை கூடுதல். ஐந்து சட்டங்களை அவரே அறுத்தார், நான் அளவு பிடித்தேன், பெரியவர் தவறு கண்டுபிடித்தார்.

சட்டத்தின்மேல் ஒட்ட பேக்கரியில் பட்டர் பேப்பர் கிடைத்தது. அது விறைத்து நிற்க மேலே ஏதாவது பூச வேண்டும். பெட்டியோடு வந்த திரவம் தீர்ந்துவிட்டது. அதன் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்த பெரியவர், "இது நகப் பூச்சுங்க டாக்டர், பேருதான் வேற" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன். பன்னிரண்டு பாட்டில் கேட்டேன்.

"ஊட்ல ஆருக்குங்க?" என்றார் கடைக்காரர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"இறக்கைக்கு."

அவர் பன்னிரண்டையும் எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே கதை பரவிவிட்டது. ஆயாம்மாவுக்குத்தான் கோபம். பஸ்ஸில் யாரோ என்னைப் பற்றித் தப்பாகப் பேசினார்களாம். "டாக்டரு பூசறது பொம்பளைக்கு இல்லை, பிளேனுக்குன்னு நல்லாக் குடுத்துட்டேனுங்க" என்றார். அதுவரை என் நடத்தையைப் பற்றி மட்டும் இருந்த சந்தேகம் அதற்குப் பிறகு என் புத்தியைப் பற்றியும் ஆனது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் தையல்காரர். பிறகு அவரிடம் துணி கொடுக்க வந்தவர்கள். பிறகு லாட்ஜ் பையன்களின் மேஸ்திரி, பஸ் டிரைவர்கள், தலைச்சோலையிலிருந்து காப்பிக்கொட்டை விற்க வந்தவர்கள். என் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெஞ்சு போதாமல் தையல்காரர் தன்னுடைய பெஞ்சையும் கொடுத்தார். நான் இறக்கையில் பேப்பர் ஒட்டும்போது எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் அறையில் அத்தனை வாய் ஒரே நேரத்தில் திறந்திருந்தது. ஒன்றுகூட எனக்காக இல்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியுமா? உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று சொத்தைகளைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு நாளில் பெரியவரின் மனைவி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. அவருக்குத்தான் கிறுக்கு. மூணு மாசமா அந்த மனுசன் கூழும் கரைச்ச சோறும்தான் குடிக்கறாரு. பல்ல முதல்ல முடிச்சுக் குடுங்க சாமி. ஏரோப்பிளேன் எங்க போகப் போவுது?"

"பல்லுதான் எங்கயும் போகாது," என்றார் பெரியவர் ஜன்னலோரத்திலிருந்து. "அடுத்த மாசம் காத்து மாறிரும். டாக்டர், இறக்கைய முடிங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மருத்துவன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றே தெரியும். நான் சொன்னது, "ரெண்டையும் ஒண்ணாவே முடிச்சிடலாம்மா." அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படி இறங்கினார். உண்மையில் அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் எனக்கு நினைவு வந்தது இறக்கைதான். எவருடைய வாய்க்காகவும் நான் அப்படி அவசரமாக எழுந்து ஓடியது கிடையாது.

அந்த வாரக் கடைசியில், அறை நிறைய ஆள் இருக்கும்போது, கரடியூர்க்காரர் திடீரென்று சுவரோரத்திலிருந்து வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். முந்தின இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். கன்னம் பளபளவென்று இருந்தது.

"எடுத்துப் போடுங்க டாக்டரு."

"கண்ணு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அத்துனூண்டு சக்கரத்துக்கே பல்லுக் கட்டினீங்க. அதுக்கு என்ன கண்ணா போச்சு? எடுங்க."

இதில் தர்க்கம் எங்கே இருக்கிறது என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். ஊசி போட்டு எடுத்தேன். சீழ் வைத்த கடைவாய்ப்பல், அதிகம் மல்லுக்கட்டாமல் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே குரலில் "ஆங்" என்றார்கள். அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி ஜன்னலைப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. கூட்டத்துக்குத் தலையாட்டினார். ஒரு டிரைவர், "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார். அவர் பின்னால் இன்னொருவர் நின்றார்.

அதே நேரத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். சேலத்து ஆள் என்பது செருப்பிலேயே தெரிந்தது. "வரிசையில ஒக்காருங்க, டாக்டரு கூப்புடுவாங்க" என்று ஆயாம்மா அதட்டினார். அவர் அரை மணி நேரம் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பார்த்தபோது ஆள் இல்லை.

அடுத்த வாரம் என் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா சேலத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஏற்காட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் தொழிலைப் பார்த்துவிட்டுப் போனாராம். உட்கார இடமில்லாத கூட்டமாம். ஜனங்கள் வரிசையில் நின்று பல் பிடுங்கிக்கொள்கிறார்களாம். அவருக்கு முழுச் சம்மதமாம். பதில் எழுத உட்கார்ந்தேன். உள்ளதை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். 'எனக்கும் சம்மதம்' என்று எழுதி உறையில் போட்டேன். கல்யாணமான முதல் மாதம் என் மனைவி ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் அமைதியாகக் கேட்டாள்: "எங்கப்பா வந்தன்னைக்கு ஊர்ல என்ன, திருவிழாவா?"

அது பிற்பாடு. முதலில் விமானம்.

இறக்கை முடிந்தது. பன்னிரண்டு பாட்டிலில் நாலு நிறம் கலந்திருந்ததால் சூரியகாந்தி, ரோஜா, ரத்தம், இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று என்று நாலும் அதில் இருந்தன. ஈறு மூக்கு கனத்துப் போனதால் வாலில் ஈயத்துண்டு கட்டி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தோம். துலாக்கோல்போல நேராக நின்றது. பெரியவர் கண் கலங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடுவது என்று முடிவானது.

இதற்கு நடுவே பல்செட்டையும் செய்தேன். செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டி நிற்க வேண்டுமென்றால் அதன் பின் விளிம்பு மேல்வாய்ச் சதையோடு சரியாகப் பொருந்த வேண்டும். அதற்கு இன்னொரு தடவை அளவெடுத்து, ஒரு நாள் கூடுதலாக உட்கார வேண்டும். அந்த ஒரு நாளை நான் இறக்கைக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மாலை பல்செட்டை மாட்டிவிட்டபோது பெரியவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பத்து வயது குறைந்திருந்தது. "சரி" என்றார். பிசகில்லாத 'ச'. "சரி, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். கொஞ்சம் தளர்வாக இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. பழகினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த நோயாளிக்கும் சொல்வதுதான்.

ஞாயிறு காலை. "என் காட்டுல விழுந்தது, என் காட்டுல இருந்தே கெளம்பட்டும்" என்று கரடியூர்க்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். கேழ்வரகு அறுத்து முடிந்து தாள் மட்டும் நின்றது. அதில் ஒரு கீற்றை அவரும் அவர் மனைவியும் மண்வெட்டியால் செதுக்கி, சாணி மெழுகாத குறையாகச் சமப்படுத்தியிருந்தார்கள். காட்டுக்கு அப்பால் பாறை விளிம்பு, அதற்குக் கீழே ஆழமாகப் பள்ளத்தாக்கு, பனிமூட்டத்துக்கு நடுவே சமவெளி. என் பெஞ்சுகளை நிரப்பியவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆயாம்மா வெள்ளக்கடையிலிருந்து தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவரின் மனைவி ஒரு கல்லில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

எரிபொருளைப் பெரியவரே சேலத்து ரசாயனக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டோடு விளக்கெண்ணெய் கலந்து தயார் செய்திருந்தார். விரலால் விசிறியைச் சுண்டினார். ஏழெட்டு தடவை தும்மிவிட்டு எஞ்சின் பிடித்தது. குளவிக்கூட்டைக் கலைத்தது போன்ற சத்தம். சுற்றிலும் விளக்கெண்ணெய் வாசம். சின்ன வயதில் பேதிக்குக் குடித்த நினைவில் பலர் முகத்தைச் சுளித்தார்கள்.

விமானம் செதுக்கிய கீற்றில் ஓடியது, குதித்தது, இன்னொரு தடவை குதித்தது, பிறகு தரையை விட்டுவிட்டது. கரடியூர்க்காரர் கும்பிட்டார். அது காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே ஏறி, அகலமாக வளைந்து, எங்கள் தலைக்கு மேல் வந்தது. கீழிருந்து பார்க்க நகப்பூச்சு இறக்கை வெயிலில் கோயில் விதானம் மாதிரி ஜொலித்தது. நான் கட்டிய இரண்டு பல்லும் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் என்று நினைத்தேன். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவதில் பெரியவர் அதைப் பாறை விளிம்புக்கு மேலே கொண்டுபோய்த் திருப்பினார். அப்போது அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தலையை அண்ணாந்தபடியே வாய் நிறையக் கத்தினார்.

"பாத்தீங்களா டாக்டர்!"

மேல் பல்செட் கழன்று வெளியே வந்தது.

இரண்டு கையும் இரண்டு குச்சியில் இருந்தன. மனிதனுக்கு எது முக்கியம் என்பதை அவன் முடிவு செய்வதில்லை, கை முடிவு செய்கிறது. வலது கை குச்சியை விட்டுப் பாய்ந்து, மார்புக்கு நேரே பல்செட்டைப் பிடித்தது. அருமையான பிடி. மறுபடி அவர் குச்சியைப் பிடித்தபோது விமானம் மூக்கைக் கீழே போட்டுக்கொண்டு பாறைக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். பெரியவரின் மனைவி மட்டும் எழுந்து வந்து அவர் கையைப் பார்த்தார்.

"பல்லு ஒடைஞ்சுதா?"

"இல்லை," என்றார் அவர்.

"அப்ப ஊட்டுக்குப் போலாம் வாங்க. இட்லி ஊத்தி வெச்சிருக்கேன்."

கரடியூர்க்காரர் இரண்டு நாள் பள்ளத்தாக்கில் தேடினார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஒரு பொருளைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். எஞ்சின், அதோடு ஒட்டியபடி ஈறு நிற மூக்கு. மற்றதெல்லாம் சுள்ளியாகப் போயிருந்ததாம்.

"நீங்க பண்ணது மட்டும் கீறல்கூட இல்லீங்க டாக்டரு," என்றார் பெருமையோடு. எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் உட்கார்ந்து, பல்செட்டை ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டேன், அவசரப்பட்டுவிட்டேன், அதனால்தான் கழன்றது, விமானம் போனதற்கு நான்தான் காரணம் என்றேன்.

அவர் விரலை எடுக்காமலே கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்களா? முப்பது வருசம் காண்டிராக்டர்களோட வேலை செஞ்சவன். எந்த வேலை அவசரத்துல முடிஞ்சுதுன்னு வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. இறக்கைய முடிங்கன்னு சொன்னது ஆரு? நாந்தான."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேரையும் நிக்க வெச்சு ஒதைக்கோணும்."

மறுபடி அளவெடுத்தேன். இந்தத் தடவை பின் விளிம்புக்கு மட்டும் நாலு நாள். மூன்று வாரம் கழித்து அதை மாட்டியபோது அவரால் தும்மவும் முடிந்தது, கத்தவும் முடிந்தது. முறுக்கு கடித்துக் காட்டச் சொல்லி அந்த அம்மாள் ஒரு டப்பா முறுக்கோடு கூடவே வந்திருந்தார்.

முன்பு போலக் கூட்டம் இல்லாவிட்டாலும், என்னிடமும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். டிரைவருக்குப் பிறகு கண்டக்டர், அவருக்குப் பிறகு கரடியூரிலிருந்து ஒரு ஜீப் நிறைய. வருகிறவர்களில் சிலர் நாற்காலியில் உட்காரும் முன் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார்கள். "ஏரோப்பிளேன் பண்ணுன டாக்டரு நீங்கதானுங்களா?" ஆமாம் என்றால்தான் வாயைத் திறப்பார்கள். என் பட்டம் கண்ணாடிச் சட்டத்தில் அவர்கள் தலைக்கு நேர் எதிரே தொங்கியது. அதை யாரும் படித்ததாக நினைவில்லை.

அமெரிக்காவில் இருந்த மகனுக்குப் பெரியவர் இன்னொரு விமானம் கேட்டு எழுதினார். அதே தபாலில் அவர் மனைவியும் தனியாக ஒரு கடிதம் எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த வருஷம் பெட்டி வந்தது. உள்ளே ஒரு படகு இருந்தது. அதுவும் ரேடியோவில் ஓடுவது, பேட்டரி படகு, முழுதாகச் சேர்த்தே வந்திருந்தது. ஒட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

ஒரு மாலை நானும் மனைவியும் ஏரிப் பக்கம் நடந்தபோது அவரைப் பார்த்தோம். கரையோரச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்திருந்தார். சிவப்புப் படகு தண்ணீரில் பிசகில்லாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பெடல் படகில் போன இரண்டு பேர் அதைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்படிங்க ஓடுது?" என்றேன்.

"ஆறு மாசமா ஓடுது," என்றார் சலிப்போடு. "ஒரு தடவை முழுகினாத்தான உங்ககிட்ட எடுத்துக்கிட்டு வரலாம்?"

என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெரியவர் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் உட்கார்ந்தோம். படகு கரைக்கு வந்து, திரும்பி, மறுபடி போனது.